கண்டி வார் செமட்ரி: தலதா மாளிகை பாக்க வர்றவங்க ஒரு மணி நேரம் இங்கயும் ஒதுக்குங்க

அஞ்சு ஸ்டார் குடுக்குறேன். சுத்தத்துக்கு மட்டும் இல்ல, ஏன்னு கீழ எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

கண்டில பொறந்து வளர்ந்தவ நான். ஸ்கூல் போற காலத்துல பேராதனை ரோட்டுல ஆயிரம் தடவை பஸ்ல போயிருப்பேன், ஆனா அந்த ரோட்டுல இருந்து கெட்டம்பே பக்கம் உள்ள திரும்புனா தெவனி ராஜசிங்க மாவத்தைல ரெண்டாம் உலக யுத்தத்துல செத்த சோல்ஜர்மாரோட மயானம் ஒன்னு இருக்குன்னு எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல, ஸ்கூல்லயும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப கொழும்புல வேலை, போன போயாவுக்கு (பௌர்ணமி லீவு) லீவு சேர்ந்து வந்துச்சு, வீட்டுக்கு வந்தேன், அப்பாவையும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தேன். அப்பாவுக்கு எழுபத்தி ரெண்டு வயசு, நடக்கக் கஷ்டம் இல்ல, ஆனா படி ஏறுனா மூட்டு வலிக்குது. அவரால சுத்திப் பாக்க முடிஞ்சுச்சு, அதனால வயசானவங்களை கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிக்கிறவங்க தாராளமா கூட்டிட்டுப் போகலாம்.

முதல்ல ஒரு விஷயம், இதை கட்டாயம் கவனிங்க. கண்டில வெள்ளக்காரங்க மயானம்னு சொன்னா ரெண்டு இருக்கு. ஒன்னு தலதா மாளிகைக்குப் பின்னால மேட்டுல இருக்குற பழைய கரிசன் செமட்ரி, அது 1817-ல தொடங்குனது, 1870கள்ல மூடிட்டாங்க. கண்டி ராச்சியம் வெள்ளக்காரன் கைக்குப் போன காலத்து வெள்ளக்கார அதிகாரி ஜோன் டொயிலியோட கல்லறை அங்கதான் இருக்கு, அவர் 1824-ல காய்ச்சல்ல செத்தவர். காலரா, மலேரியா, வெயில் அடிச்சு செத்தவங்கன்னு அங்க இருக்குற ஒவ்வொரு கல்லும் ஒரு கதை. நாங்க டவுன்ல பிடிச்ச ஓட்டோக்காரர் "தெரியும் தெரியும்"னு சொல்லி அங்கதான் கொண்டு போய் இறக்கி விட்டுட்டாரு. அதுவும் பாக்க வேண்டிய இடம்தான், அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் வந்தோம், ஆனா நீங்க தேடுறது யுத்த மயானம்னா "கெட்டம்பே பக்கம், தெவனி ராஜசிங்க மாவத்தை"ன்னு ரோட்டோட பேரையே சொல்லிருங்க. பஸ்ல போறவங்க பேராதனை போற பஸ்ல ஏறி கெட்டம்பேல இறங்கி விசாரிச்சுப் போகலாம். மகாவலி கங்கை பக்கத்துலதான் ஓடுது.

உள்ள போக காசு இல்ல, டிக்கட் இல்ல. சின்ன இடம். மொத்தமே 203 பேர்தான் அடங்கியிருக்காங்க. வாசல்ல நின்னு பாத்தா பச்சைப் புல்தரை, வரிசை வரிசையா குட்டையான நினைவுக் கல்லுங்க, கல்லுக்கு இடையில பூச்செடி, சுத்தி மரம். அப்பா உள்ள கால் வச்ச உடனே செருப்பைக் கழட்டப் போனாரு, நான்தான் வேணாம்பா புல்லு ஈரமா இருக்கு அட்டை இருக்கும்னு சொன்னேன், அவருக்கு அது மனசு கேக்கவே இல்ல, கடைசி வரைக்கும் ஏதோ கோயிலுக்குள்ள செருப்போட நடக்குற மாதிரி ஓரமாவே நடந்தாரு.

இப்ப அந்த 203 பேர் யாருன்னு சொல்றேன், ஏன்னா இதைத் தெரிஞ்சுக்காம போனா பத்து நிமிஷத்துல பாத்து முடிச்சு ஃபோட்டோ எடுத்துட்டு வந்துருவீங்க. பிரிட்டிஷ்காரங்க 107 பேர். கிழக்கு ஆப்பிரிக்கர் 35 பேர். நம்ம இலங்கை ஆக்கள் 26 பேர். இந்தியாக்காரங்க 23 பேர். கனடாக்காரங்க 6, இத்தாலிக்காரங்க 3, பிரெஞ்சுக்காரர் 1. இன்னும் ரெண்டு பேர் யாருன்னே தெரியாதவங்க. இதுல ரெண்டாவதா இருக்குற நம்பரைப் பாருங்க, அந்த 35. அதுக்காகத்தான் நான் இந்த ரிவியூவே எழுதுறேன்.

கண்டில யுத்தம் நடக்கலையே, எப்படி இத்தனை பேர்னு அப்பாவே கேட்டாரு. நியாயமான கேள்விதான். 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான், நாலு நாள் கழிச்சு 9ஆம் தேதி திருகோணமலைல போட்டான், அதே நாள்ல ஹெர்மிஸ்ங்கற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடல்ல மூழ்கடிச்சான். சிங்கப்பூர் அந்த வருஷம் பெப்ரவரிலயே விழுந்துருச்சு, பர்மாவும் கை விட்டுப் போய்க்கிட்டு இருந்துச்சு, அடுத்தது சிலோன்தான்னு பயந்து எங்கெங்க இருந்தோ பட்டாளத்தைக் கொண்டு வந்து இந்தத் தீவுல இறக்குனாங்க. அப்புறம் 1944 ஏப்ரல்ல நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்கு ஆசியாவுக்கான தன்னோட தலைமையகத்தையே டெல்லில இருந்து தூக்கிட்டு வந்து பேராதனை பூந்தோட்டத்துல வச்சாரு. நாம இப்ப பாய் விரிச்சு சோத்துப் பார்சல் பிரிச்சு சாப்பிடுற அதே பூந்தோட்டம்தான், அங்க இருந்துதான் பர்மா யுத்தத்துக்கு உத்தரவு போச்சு. அப்ப கேம்ப், ஹொஸ்பிட்டல், லொறி, பயிற்சி எல்லாம் இந்த மலையைச் சுத்தி இருந்திருக்கு. குண்டுல மட்டும் ஆள் சாகறதில்லையே, நோய்லயும் சாவாங்க.

இப்ப ஆப்பிரிக்கர் விஷயத்துக்கு வர்றேன். கென்யா, உகண்டா, தங்கனீக்கா (இப்ப தான்சானியா), நியாசாலாந்து (இப்ப மலாவி), வட ரொடீசியா (இப்ப சாம்பியா), இப்படி வெள்ளக்காரன் ஆண்ட ஊர்கள்ல இருந்து சேர்த்த பட்டாளம் அது. அஸ்கரின்னு சொல்லுவாங்க அவங்க மொழில சோல்ஜரை. 11வது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன்னு 1943-ல உருவாக்குனாங்க, இங்க சிலோனுக்குக் கொண்டு வந்து காட்டுச் சண்டைக்குப் பழக்குனாங்க, 1944 நடுவுல பர்மாவுக்கு அனுப்புனாங்க. அங்க கபாவ் பள்ளத்தாக்குன்னு ஒரு இடம், மழைக்காலத்துல மலேரியா பிடுங்குற இடம், அந்த மழைக்குள்ளயே ஜப்பான்காரனைத் துரத்திக்கிட்டுப் போய் டிசம்பர்ல கலேவாவுல சிந்துவின் ஆத்தைத் தாண்டுனவங்க இவங்க. இதெல்லாம் நான் போறதுக்கு முந்தி ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சது. அதோட இன்னொன்னும் படிச்சேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. 1944 பெப்ரவரி 12, மொம்பாசால இருந்து கொழும்புக்கு வந்துக்கிட்டு இருந்த கெடிவ் இஸ்மாயில்ங்கற கப்பலை மாலைதீவுப் பக்கம் ஜப்பான் நீர்மூழ்கி அடிச்சுருச்சு. ரெண்டு மூணு நிமிஷத்துல கப்பல் உள்ள போயிருச்சு. கிட்டத்தட்ட 1300 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்க பீரங்கிப் படைக்காரங்க, நர்ஸ்மாரும் நிறையப் பேர். கொழும்புல வந்து இறங்க வேண்டியவங்க. அவங்க இந்த மண்ணை மிதிக்கவே இல்ல, மிதிச்சவங்கள்ல 35 பேர் இங்க இருக்காங்க.

எங்க அப்பாயி தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப மலை ரோட்டுல லொறி லொறியா கறுப்புப் பட்டாளம் போகும்னும், அவங்க பாடிக்கிட்டே போவாங்கன்னும், லயத்துப் பிள்ளைகள் எல்லாம் முதல்ல பயந்து ஓடி ஒளிஞ்சு அப்புறம் பாட்டுக் கேக்குறதுக்காகவே ரோட்டோரம் வந்து நிப்பாங்கன்னும் சொல்லுவாங்க. அப்பாயி அவங்களைச் சொன்ன வார்த்தை காப்பிலி. அந்தக் காலத்து ஆக்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, இப்ப நாம அதைச் சொல்லக் கூடாது. எனக்கு அது எப்பவும் அப்பாயி சொன்ன ஒரு கதையாத்தான் இருந்துச்சு, அந்த லொறில போனவங்க எங்க போனாங்க, திரும்பி ஊருக்குப் போனாங்களான்னு நானும் கேக்கல, அப்பாயியும் சொல்லல. இப்ப கேக்கலாம்னா அப்பாயி இல்ல.

வரிசையா நடந்து கல்லுகளைப் படிக்க ஆரம்பிச்சோம். ஒவ்வொரு கல்லுலயும் நம்பர், பதவி, பேர், ரெஜிமென்ட், செத்த தேதி. ரெஜிமென்டோட சின்னமும் இருக்கும். ஆப்பிரிக்கர் கல்லுல கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ்னு போட்டிருந்தா அதோட சின்னம் ஒரு வேட்டைக் கொம்பு. குனிஞ்சு கிட்டப் பாத்தாத்தான் தெளிவாத் தெரியும். நான் ஒரு கல்லு முன்னால குந்தி உக்காந்து பாத்தேன், காலையில பெஞ்ச மழைத் தண்ணி எழுத்துக்குள்ள நின்னுச்சு, பேரோட முதல் எழுத்துல ஒரு சின்ன எறும்பு அந்தத் தண்ணியைச் சுத்திப் போக வழி தேடிக்கிட்டு இருந்துச்சு. பேர் மட்டும்தான். வயசு இல்ல. பக்கத்து வரிசைல ஒரு பிரிட்டிஷ் பையனோட கல்லு, வயசு போட்டிருக்கு, கீழ வீட்டுக்காரங்க எழுதிக் குடுத்த ஒரு வரியும் இருக்கு. அப்படிக் கடைசி வரியை வீட்டுக்காரங்கதான் எழுதிக் குடுக்குறது, அதுக்குன்னு அவங்களுக்குக் கடிதம் போகும். நான் படிச்ச ஆப்பிரிக்கர் கல்லு ஒன்னுலயும் அந்த வரியைப் பாக்கல. கடிதம் போய்ச் சேர்ந்துச்சா, போயிருந்தாலும் படிச்சுக் காட்ட ஆள் இருந்துச்சா, அந்த அம்மா என்ன எழுதச் சொல்லியிருப்பான்னு யோசிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் அங்கயே உக்காந்துட்டேன், அப்பா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழும்புனேன்.

ஒன்னு சொல்லணும். கல்லுல வித்தியாசம் இல்ல. மேஜருக்கு ஒரு அளவு, லொறி ஓட்டுனவனுக்கு ஒரு அளவுன்னு கிடையாது, வெள்ளைக்கு ஒன்னு கறுப்புக்கு ஒன்னுன்னு கிடையாது. இதைப் பாத்துக்குற கொமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கொமிஷன் 1917 மே மாசம் தொடங்குனது, ஃபேபியன் வெயார்ங்கற ஒருத்தர்தான் முதல் உலக யுத்தத்துல செத்தவங்க புதைச்ச இடத்தை எல்லாம் குறிச்சு வைக்கணும்னு பிடிவாதமா நின்னு இதை ஆரம்பிச்சு வச்சது. உடம்பை ஊருக்குக் கொண்டு போக விடல, பணக்காரன் மட்டும் கொண்டு போவான், ஏழை விட்டுட்டுப் போவான்னு. விழுந்த நாட்டுலயே, எல்லாருக்கும் தனித்தனிப் பேரோட, ஒரே மாதிரிக் கல்லு. அதனாலதான் கனடாக்காரன் கண்டில கிடக்கான். ஆனா அந்தக் கொள்கையை எல்லா இடத்துலயும் காப்பாத்தல, அதை அவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2021-ல அவங்க வெளியிட்ட அறிக்கைல முதல் உலக யுத்தத்துல செத்த ஆப்பிரிக்கர், ஆசியர்ல 45,000ல இருந்து 54,000 பேருக்கு வெள்ளக்காரங்களுக்குச் சமமான நினைவு குடுக்கலன்னும், இன்னும் குறைஞ்சது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரைக்கும் பேர் சொல்லி நினைவு இல்லாம, ஒருவேளை எந்த நினைவுமே இல்லாம விட்டுப் போச்சுன்னும் சொல்லி மன்னிப்புக் கேட்டாங்க. அதைப் படிச்சிட்டு வந்து கண்டில இந்த 35 கல்லைப் பாக்கும்போது இதோட பெறுமதி வேற மாதிரித் தெரியுது. அடுத்த யுத்தத்துலயாவது, இந்தச் சின்னத் தோட்டத்துலயாவது, ஆளுக்கு ஒரு கல்லு, கல்லுக்கு ஒரு பேர்.

நம்ம ஆக்களுக்கு இது புதுசும் இல்லையே. சண்டைல விழுந்தவனுக்கு நடுகல் வச்சு, பேரும் பெருமையும் அதுல வெட்டி, மயில்பீலி சூட்டிப் படையல் வச்ச வழி நம்மளோடது, சங்கப் பாட்டுலயே இருக்கு. நம்ம நாட்டுல கல்லே இல்லாமப் போனவங்க, வச்ச கல்லையும் உடைச்சுத் தரைமட்டமாக்கிட்டுப் போன இடங்கள் எல்லாம் இருக்கும்போது, எங்கயோ ஆப்பிரிக்காவுல பொறந்தவனுக்கு எண்பது வருஷமா இங்க புல்லு வெட்டுறாங்கங்கறதை நான் சும்மா பாத்துட்டு வர முடியல.

தோட்டம் பாக்குற அண்ணனைப் பத்தி எழுதாம முடியாது. நாங்க போனப்ப கல்லைச் சுத்தி புல்லு ஓரத்தைக் கைக்கத்திரியால வெட்டிக்கிட்டு இருந்தாரு, மெஷின் போட்டா கல்லு அடிபடும்னு. சிங்களவர். என்னை நங்கின்னு (தங்கச்சின்னு) கூப்பிட்டு எங்க இருந்து வர்றீங்கன்னு கேட்டாரு, கண்டிதான்னு சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். வெளிநாட்டுக்காரங்கதான் வருவாங்க, பேர்ப் புத்தகத்துல பாத்து வரிசையைத் தேடிப் போய் அந்தக் கல்லு முன்னால நிப்பாங்க, சில பேர் அழுவாங்கன்னாரு. இந்த ஆப்பிரிக்க ஆக்களைத் தேடி யாரும் வந்திருக்காங்களான்னு கேட்டேன். கத்திரியைக் கீழ வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாரு. "நான் இருக்குற காலத்துல வரல நங்கி"ன்னாரு. அப்புறம் அவரே எழும்பிப் போய் ஒரு கல்லு மேல விழுந்து கிடந்த காஞ்ச இலையை எடுத்துப் போட்டுட்டு வந்தாரு. நாங்க கேட்டதுக்காகச் செஞ்ச மாதிரி இல்ல, தினமும் செய்ற வேலைன்னு அந்தக் கையைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு.

யாருன்னு தெரியாத ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொன்னேன் இல்லையா. கொமிஷனோட மயானங்கள்ல அப்படிப்பட்டவங்க கல்லுல பேர் இருக்க வேண்டிய இடத்துல, இவனைக் கடவுளுக்குத் தெரியும்ங்கற அர்த்தத்துல ஒரு ஆங்கில வரி வெட்டுறது வழக்கம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தவர் முதல் உலக யுத்தத்துல தன் மகனைப் பறிகுடுத்த ஒரு எழுத்தாளர், அந்த மகனோட உடம்பும் அவர் உயிரோட இருந்த வரைக்கும் கிடைக்கவே இல்ல. அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அப்பா கொண்டு வந்திருந்த செவ்வந்தில கொஞ்சத்தைத் தனியா எடுத்து அவங்களுக்குன்னு வச்சாரு.

போறவங்களுக்குக் கொஞ்சம் விவரம்: காலையில போங்க, மத்தியானத்துக்கு மேல கண்டில மழை வந்துரும், புல்லு சறுக்கும், பிடிமானமான செருப்பு போடுங்க, குடை எடுத்துக்கோங்க. தண்ணிப் போத்தல், பிஸ்கட் எல்லாம் பேராதனை ரோட்டுலயே வாங்கிட்டுப் போயிருங்க. சாப்பாட்டை உள்ள வச்சு சாப்பிடாதீங்க, அதுக்குப் பூந்தோட்டம் இருக்கு. சின்னப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, கல்லு மேல ஏற மட்டும் விடாதீங்க. மியூசியம் மாதிரி விளக்கம் சொல்ற இடம் இல்ல இது, அதனால முன்னாடியே கொஞ்சம் படிச்சிட்டுப் போனா ஒவ்வொரு கல்லும் பேசும். ஒரு மணி நேரம் போதும்னு தலைப்புல போட்டேன், எங்களுக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

ஏன் அவ்வளவு நேரம்னா, அப்பா அந்த 35 கல்லையும் தேடிப் பாத்துட்டுத்தான் போவேன்னு நின்னுட்டாரு. "வீட்டு ஆளுக யாரும் வரலன்னு சொல்றாரே அந்தத் தம்பி, வந்த நாம பேரையாவது ஒரு தடவை வாயால சொல்லிட்டுப் போவோம்"னாரு. ஒவ்வொரு வரிசையா நான் படிக்க, அவர் திருப்பிச் சொல்ல, கல்லுக்கு ஒரு பூ. எங்க வாய்க்குப் பழகாத பேருங்க, ரெண்டு மூணு தடவை சொல்லித்தான் சரியா வந்துச்சு, சரியா வராம அப்பா அடுத்த கல்லுக்கு நகரல. 29-ல இருக்கும்போது மழை பிடிச்சுக்கிச்சு. தோட்டக்கார அண்ணன் ஓடி வந்து எங்களை மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாரு, முக்கால் மணி நேரம் நின்னு பாத்தோம், மழை விடுற மாதிரி இல்ல. அப்பா கையில இன்னும் ஆறு பூ இருந்துச்சு. அதை அந்த அண்ணன் கையில குடுத்து, மிச்சம் இருக்குறவங்களுக்கு வச்சிருங்கன்னு தெரிஞ்ச சிங்களத்துல சொன்னாரு. பேரை நாங்க வந்துதான் சொல்லணும், அடுத்த போயாவுக்கு போறோம்.